நாற்காலிப் படத்தில் நின்றுபோன வரி

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். எழுத்துப்பிழையைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். கடைப் பலகை, பேருந்துப் பக்கம், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதையும் நான் சும்மா விட்டதில்லை. அந்த வீட்டில் அப்படி வசமாக மாட்டிக்கொண்டதற்கு இந்தப் புத்திதான் காரணம்.

நான் போய் இறங்கியபோது மதியம். மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தெரு முடிகிற இடத்தில் பழைய மாடிவீடு. சுற்றுச்சுவர் இடிந்த இடங்களைப் பழைய கடைப் பலகைகளை வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு பலகையில் ‘சைக்கிள் பழு’ என்பது வரைக்கும் மிச்சமிருந்தது. எழுத்து அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. ஒரு சுழி பிசகவில்லை.

அந்தப் பலகைகளை எழுதியவருக்காகத்தான் நான் வந்திருந்தேன். அவர் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. படங்களைக் கண்காட்சியாக வைத்து, கூடவே ஒரு புத்தகமும் கொண்டுவர வெளிநாட்டில் இருக்கும் மகன் ஏற்பாடு செய்திருந்தார். இடது பக்கம் படம், வலது பக்கம் கவிதை. தொகுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

கதவைத் திறந்தவள் மகள். நாற்பதைத் தாண்டியவள். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். யார் என்ன சொன்னாலும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்கிற வேலை. அவள் பேசுவது குறைவு என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

“வாங்க சார். தம்பி போன்ல சொன்னான். சாமான் இவ்வளவுதானா?”

“கம்ப்யூட்டர், ஒரு சின்ன பிரிண்டர், ரெண்டு சட்டை. ஒரு வாரத்துல முடிச்சிட்டுக் கிளம்பிடுவேன்மா.”

“நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன்” என்றாள். எதைச் சொன்னாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மாடி முழுவதும் ஒரே அறை. அதுதான் அவர் படம் வரைந்த இடம். பெயிண்ட் குழைக்கும் ஆளியெண்ணெய், டர்பன்டைன், நனைந்த துணி எல்லாம் கலந்த ஒரு வாடை, மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஜன்னலோரம் பெயிண்ட் டியூப்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து அழுத்தினேன். கல்லாகியிருந்தது. இன்னொன்று. அதுவும் கல். தூரிகைகள் விறைத்துப்போய் விறகுக்குச்சி மாதிரி இருந்தன. யாரும் தொட்டுப் பல வருஷமாகியிருக்க வேண்டும்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் அவருக்குப் ‘போர்டுக்காரர்’ என்று பெயர். இளம் வயதில் கடைகளுக்குப் பலகை எழுதிப் பிழைத்தவர். பகலில் பலகை, மற்ற நேரமெல்லாம் சொந்தப் படம். படத்தின் கீழ் மூலையில் தூரிகையாலேயே ஒரு கவிதை எழுதுவார். அதுதான் அவருக்குக் கெட்ட காலமாகிவிட்டது. ஓவியம் வாங்குகிறவர்கள், “எழுத்து படத்தைக் கெடுக்குது, அதை அழிச்சிடுங்களேன்” என்றார்கள். பத்திரிகைக்காரர்கள், “படம் இல்லாம கவிதை நிக்கலையே” என்று திருப்பி அனுப்பினார்கள். ஓவியர்கள் அவரைக் கவிஞர் என்றார்கள். கவிஞர்கள் அவரை ஓவியர் என்றார்கள். இரண்டுமே வசவுதான்.

ஆனால் அந்த அறையில் ஒவ்வொரு படமாகத் திருப்பி வைத்துப் பார்த்தபோது, திருத்துகிற பென்சிலைச் சட்டைப்பையில் செருகிவிட்டேன். அவருடைய மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தவர். இருட்டறையில், ஒரு நீல வெளிச்சத்தின் முன்னால் அந்த அம்மா நின்று எக்ஸ்ரே படலத்தை உயர்த்திப் பார்ப்பதுபோல் ஒரு படம். கீழே:

*ஊரார் எலும்பையெல்லாம் பார்த்தவள்*
*என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்:*
*உள்ளே எதுவும் உடையவில்லை.*

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வரைந்த ஒன்று. வாசலில் இரண்டு ஜோடிச் சின்னச் செருப்புகள்.

*ஒன்று தேயும், ஒன்று பறக்கும்.*
*எது எதுவென்று அப்பனுக்குத் தெரியும்.*
*சொல்ல மாட்டான்.*

மனைவி இறந்த வருஷம் வரைந்தது வெறும் படுக்கை விரிப்பு. வெள்ளைமேல் வெள்ளை.

*வெள்ளைக்குள் இத்தனை வெள்ளை இருப்பது*
*நேற்றுவரை எனக்குத் தெரியாது.*

கடைசிப் படம் ஒரு நாற்காலி. மரநாற்காலி, அதில் பஞ்சுமெத்தை. மெத்தை நடுவில் அழுந்தியிருக்கிறது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. கீழே:

*கடைகளுக்குப் பெயர் எழுதினேன்,*
*கதவுகளுக்கு எண் எழுதினேன்.*
*கூலி வாங்காமல் எழுதுவது ஒன்றே ஒன்று:*
*என் பேச்சைக் கடைசிவரை கேட்டிருந்த*

அவ்வளவுதான். ‘த’வின் வாலில் இருந்து ஒரு தடித்த கோடு சறுக்கிக்கொண்டு படத்தின் விளிம்புவரை இறங்கி, சட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது.

“அந்த எழுத்துலதான் சார் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு” என்றாள் மகள், வாசற்படியில் நின்றபடியே. அறைக்குள் அவள் காலை வைக்கவில்லை.

என் கை அரிக்கத் தொடங்கியது. கேட்டிருந்தவள் என்றால் ஒரு பெண். கேட்டிருந்தவன் என்றால் ஆண். கேட்டிருந்தது என்றால் நாயாகவும் இருக்கலாம், நாற்காலியாகவும் இருக்கலாம். கேட்டிருந்த சுவர், கேட்டிருந்த மழை, கேட்டிருந்த ஊர். நம் மொழியில் அந்த இடத்தில் நின்றுவிட்டால் ஆளா, பொருளா என்றுகூடச் சொல்ல முடியாது. இதைவிட மோசமான இடத்தில் ஒரு மனிதனுக்கு வாய் அடைத்துப்போக முடியாது.

மறுநாள் மகள் வேலைக்குப் போனபின் கீழறையில் உட்கார்ந்து கவிதைகளைத் தட்டச்சு செய்தேன். நாற்காலிப் பக்கம் வந்தபோது, எப்படி இருக்கும் பார்ப்போமே என்று ‘சுவர்’ என்று போட்டு அச்செடுத்தேன். வரி நன்றாகவே உட்கார்ந்தது. தாளை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது ‘சுவர்’ என்ற சொல்லின்மேல் ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. சாம்பல் நிறப் பெயிண்ட்.

தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

மாடியில் எங்கேயோ கையை வைத்திருப்பேன், அது ஒட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் இரண்டு கட்டைவிரலும் சுத்தமாக இருந்தன. இன்னொரு முறை அச்செடுத்தேன். இந்தத் தடவை ‘மழை’. அறைக் கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன்.

மழையின்மேல் கட்டைவிரல்.

எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மகளிடம் இன்னொரு சாவி இருக்கும், நீதிமன்றத்திலிருந்து நடுவில் வந்து போயிருப்பாள், புத்தகம் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டேன். சாயந்திரம் அவள் வந்ததும் இரண்டு தாள்களையும் நீட்டினேன்.

“இது யார் வேலைம்மா?”

அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் பார்த்தாள்.

“என்ன வார்த்தை போட்டீங்க?”

“சுவர். அப்புறம் மழை.”

“ரெண்டும் நான் ஏற்கெனவே சொல்லிப் பார்த்ததுதான் சார்” என்றாள்.

பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து, நீதிமன்றத்தில் அறிக்கை படிக்கிற குரலில் சொன்னாள். விழுந்தபின் போர்டுக்காரருக்கு வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அதன்பின் உயிரோடிருந்த வருஷங்கள் முழுக்க ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. “இல்ல.” எதைக் கேட்டாலும் அதுதான்.

“தண்ணி வேணுமான்னா இல்லம்பாரு, கொடுத்தா குடிப்பாரு. வலிக்குதான்னா இல்லம்பாரு, கண்ணுல தண்ணி நிக்கும். ஆமாவும் இல்லதான், வேண்டாமும் இல்லதான். குரல் ஏறுதா இறங்குதான்னு பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும். அதெல்லாம் பழகிடுச்சு சார். ஆனா அந்தப் படத்தைக் காட்டிக் காட்டிக் கேப்பாரு. அந்த ஒரு வார்த்தையை யாராவது எழுதணும் அவருக்கு. இடது கையில பிரஷைக் கொடுத்தா நாலு கோடு இழுத்துட்டுத் தூக்கி எறிவாரு. நான் ஒவ்வொரு வார்த்தையா சொல்லுவேன். சுவரா அப்பா? மழையா? ஊரா? தெருவா? கடவுளா? நிழலா? அகராதியை எடுத்து வச்சுக்கிட்டு வரிசையாப் படிச்சிருக்கேன். எல்லாத்துக்கும் இல்ல, இல்ல, இல்ல. ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. தட்டையா ஒரு இல்ல. அப்புறம் தலையைச் சுவத்துல மோதிப்பாரு.”

“கடைசி வரைக்குமா?”

“உயிர் போறப்பவும் நான் ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்குப் பதில் வரலை. சரி, முடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன்.” அவள் தாளில் இருந்த தடத்தைப் பார்த்தாள். “நீங்க திரும்ப ஆரம்பிச்சு வச்சுட்டீங்க.”

மறுநாள் காலை அவளோடு சேர்ந்தே நானும் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் வேலை பாதியில் கிடந்தது. தவிர, பட்டப்பகல். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய்க்கும் ஒரு நேரம் காலம் உண்டு என்று நம்பினேன்.

உச்சிவேளை. தெருவில் ஒரு சத்தம் இல்லை. வீட்டில் நான் மட்டும்.

தலைக்குமேல் ஒரு கால் ஊன்றியது.

பிறகு ஒரு கால் இழுபட்டது.

ஊன்றல். இழுப்பு. ஊன்றல். இழுப்பு. ஜன்னல் பக்கமிருந்து அறையின் நடுவுக்கு வந்து நின்றது.

எப்படி ஏறிப் போனேன் என்று தெரியவில்லை. பூனையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்த வீட்டில் பூனை கிடையாது. மாடிக் கதவைத் தள்ளினேன். வாடை முகத்தில் அறைந்தது. பழைய வாடை இல்லை. அப்போதுதான் டியூபைப் பிதுக்கியதுபோல் பச்சையான வாடை. நாற்காலிப் படத்தை நான் சுவரில் சாய்த்து வெளிச்சம் பார்க்க வைத்திருந்தேன். அது இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அதைத் திருப்பினேன். சட்டம் கனத்தது. யாரோ மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் கனத்தது.

‘கேட்டிருந்த’ என்ற சொல்லுக்கு அடுத்து, முந்தின நாள் வெறுமையாக இருந்த இடத்தில், கோடுகள். தாறுமாறான சாம்பல் கோடுகள். எழுத வராத கை எழுதிப் பார்த்த கோடுகள். ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு. அதில் ஓர் எழுத்தாவது தேறுமா என்று நான் குனிந்தேன். தொழில் புத்தி.

“நிழலா?” என்று என் வாய் கேட்டுவிட்டது.

“இல்ல.”

என் காதுக்குப் பக்கத்தில். பேய்க்குரல் என்று சொல்ல மாட்டேன். அலுத்துச் சலித்த ஒரு வயசாளியின் குரல். இத்தனை பேருக்கும் இது ஏன் விளங்கவில்லை என்று நொந்துபோன குரல். என் கன்னத்தில் மூச்சுப் பட்டது. அந்த மூச்சு குளிர்ந்திருந்தது.

ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கினேன்.

அன்றைக்கே மகனுக்குப் போன் செய்தேன். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாம், மூன்று புள்ளி வைத்து முடித்துக்கொள்ளலாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

“புள்ளி வச்சா அச்சுப்பிழைன்னு நினைப்பாங்க சார். எங்கப்பா வாழ்க்கையில எதையுமே முடிச்சதில்லன்னு ஏற்கெனவே ஊர் சிரிச்சிருக்கு. புத்தகத்துலயாவது முடியட்டும். நானே வர்றேன்.”

சொன்னபடியே வந்தார். விமானத்தில் வந்த களைப்பு கண்ணில் தெரிந்தது. அக்காவைவிட உயரம். ஆனால் நெற்றியைச் சுருக்குவதில் இருவரும் ஒரே அச்சு. வந்ததும் வராததுமாக என்னிடம், “‘கேட்டிருந்தவள்’னு போடுங்க சார். அம்மாவைத்தான் சொல்றாரு. வேற யாரு இருக்கா? இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?” என்றார்.

“அதையும் கேட்டாச்சுடா” என்றாள் அக்கா.

“நீ கேட்ட லட்சணம் எனக்குத் தெரியும். உடம்பு சரியில்லாத மனுஷன்கிட்ட அகராதியைப் படிச்சா வேற என்ன சொல்லுவாரு? நீயும் அவரை மாதிரியே ஆயிட்டேக்கா. ஒரு விஷயத்தைப் பிடிச்சா விடமாட்டே.”

நான் அச்செடுத்துக் கொடுத்தேன். படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவரே தாளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். பின்னால் நான். அந்த வீட்டுக்கு நான் வந்தபின் முதல் தடவையாக, மகளும் அறைக்குள் வந்தாள்.

சாயந்திர வெயில் ஜன்னல் வழியாக விழுந்து கிடந்தது. தம்பி படத்தின் முன்னால் நின்று, தாளை உயர்த்திப் பிடித்து, மேடையில் வாசிப்பதுபோல் வாசித்தார். “என் பேச்சைக் கடைசிவரை கேட்டிருந்தவள்.” திரும்பி எங்களைப் பார்த்தார். “எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க.”

“இல்ல.”

படத்தின் பின்னாலிருந்து வந்தது.

தம்பி அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் வாய் மூடியிருந்தது.

“யாரது?”

“உனக்குத் தெரியாதாடா?” என்றாள் அவள், மிக மெதுவாக.

அவர் முகத்தில் இருந்த ரத்தம் வடிந்துபோவதை நான் நேரில் பார்த்தேன். ஆனால் ஓடவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் ஓடியிருப்பேன். அவர் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார்.

“அம்மா இல்லையா? சரி. அப்ப... உங்க கூட்டாளியா? பலகை எழுதப் போவீங்களே ரெண்டு பேரும். அவரா?”

“இல்ல.” இப்போது ஜன்னல் பக்கம். தரையில் கால் இழுபட்டது. வெயில் விழுந்த இடத்தில் தூசி மட்டும் விலகி வழிவிட்டது.

“யாரும் கேக்கலைன்னு சொல்றீங்களா? ‘யாருமில்லை’ன்னு எழுத வந்தீங்களா?”

“இல்ல.”

தம்பியின் குரல் மாறிவிட்டது. பெரிய மனிதர் போய், பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வந்த பிள்ளையின் குரல் வந்துவிட்டது.

“நானா அப்பா? வாரா வாரம் போன் பண்ணுவேனே. நீங்க பேசிக்கிட்டே இருப்பீங்க, நான் கேட்டுக்கிட்டே இருப்பேனே. பேச்சு போன பின்னாடியும் பண்ணினேனே. அந்த ஒத்தை வார்த்தையையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். நானா?”

அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதி நீண்டபோது அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“இல்ல.”

அவர் பிடரிக்குப் பின்னால்.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. உதடுகள் ஒரு பக்கமாக அழுந்தி இழுபட்டன, கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல் அவற்றைத் தேய்ப்பதுபோல. அந்த விரல் விலகியபோது மேலுதட்டிலிருந்து கீழுதடு வரை சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது.

தவறான சொல்லை அழிப்பதுபோல, வாயையே அழிக்கப் பார்த்திருந்தது.

தம்பி மடிந்து தரையில் உட்கார்ந்தார். அக்கா ஓடிப்போய் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பெயிண்ட் பரவியது. அவர் சின்னப்பிள்ளைபோல அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. இத்தனை வருஷமாக, இத்தனை சொற்களில், ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. அது அந்த அறையிலேயே, தம்பியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் கை அரித்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ஏம்மா, நீங்க ஒருதடவைகூட உங்க...”

அவள் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“கேக்காதீங்க.”

“ஆனா, கடைசிவரைக்கும் கூட இருந்தது...”

“கேக்காதீங்க சார். கால்ல வேணும்னாலும் விழறேன்.” கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். “எனக்குத் தெரியாதா? முதல் நாளே அதுதானே வாய்க்கு வந்துச்சு. அதைத் தவிர மிச்ச எல்லாத்தையும் கேட்டேன். அகராதியில இருக்கற அத்தனையும் கேட்டேன். அதுக்கும் இல்லன்னு வந்துட்டா, நான் இத்தனை வருஷம் எங்க இருந்தேன் சார்?”

அந்த அறையில் மூன்று பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். நாலாவது மூச்சும் கேட்டது. அது காத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் தம்பியைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினோம்.

காலையில் என் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மனசு கேட்காமல் படிக்கட்டின் பாதிவரை ஏறிப் போனேன். உள்ளே அவள் குரல். நீதிமன்றக் குரல் இல்லை. நடுங்கியது.

“அப்பா, நான் ஒண்ணு கேக்கணும்.”

பிறகு என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மிகத் தணிந்து, ஒன்றோ இரண்டோ சொற்கள். நான் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே கால் இழுபடவில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. கீழே தெருவில் ஒரு லாரி போய், அதன் சத்தம் தேய்ந்து மறைந்தபின்னும் எதுவும் இல்லை.

கதவு திறந்தது. அவள் கண் சிவந்திருந்தது. அழுகை இல்லை. ஆத்திரம்.

“என்னம்மா சொன்னாரு?”

“சொல்லலை.”

“அப்படின்னா அதுதான் சரியான வார்த்தையோ என்னவோ.”

“அதுவோ என்னவோ!” அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “சரின்னும் சொல்லலை, தப்புன்னும் சொல்லலை. இத்தனை வருஷமா ஒத்தை வார்த்தையாவது இருந்துச்சு. இன்னைக்கு எனக்குன்னு வந்தப்ப அதுவும் இல்லை. அந்தாளை என்ன சார் பண்றது? செத்த மனுஷனை எங்க போய் அடிக்கறது?”

படிக்கட்டில் என்னைத் தாண்டி இறங்கிப் போனாள். சமையலறையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

புத்தகத்தில் அந்த வரி நின்ற இடத்தில் நின்றது. புள்ளிகூட வைக்கவில்லை. தம்பி மறுப்பேதும் சொல்லவில்லை. கண்காட்சியில் அவரைப் பார்த்தபோது உதட்டோரம் தோல் உரிந்திருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருப்பார் போல. வந்தவர்கள், அந்தச் சாம்பல் கோடுகளோடு மாட்டியிருந்த நாற்காலிப் படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். ஆளாளுக்கு ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்தார்கள். ‘நிலா’ என்றார் ஒருவர். ‘காதலி’ என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நான் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டே தூணோரம் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. உயிரோடு இருந்தபோது அவரை ஏறிட்டுப் பார்க்காத பெரிய மனிதர்கள் எல்லாம் ஒலிபெருக்கியில் அவரைப் பற்றி முழங்கினார்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு மகள் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடியிருப்புக்கு மாறிப் போனாள். பெயிண்ட், தூரிகை எதையும் கொண்டுபோகவில்லை. படங்கள் எல்லாம் தம்பி பொறுப்பில் ஒரு கிடங்கில் இருந்தன.

போன வாரம் ஒரு முற்பகலில் அவள் என்னை அழைத்தாள். அலுவலகத்தில் இருந்தேன். புத்தகத்தை மறுபடி அச்சிடுகிறார்களாமே, அம்மாவின் படத்துக்குக் கீழே வருஷம் தப்பாக இருக்கிறது, அதை மாற்ற முடியுமா என்று கேட்டாள். குரல் தெளிந்திருந்தது. எனக்கே நிம்மதியாக இருந்தது.

அவள் பேசும்போது பின்னணியில் இன்னொருவரும் பேசிக்கொண்டிருந்தார்.

“வீட்ல விருந்தாளியா? டிவி ஓடுதா?” என்றேன்.

“டிவியே இல்லை சார். நான் மட்டும்தான். ஏன்?”

அவள் நிறுத்தியதும் அதுவும் நின்றது. லைனில் கோளாறு என்று நினைத்தேன். அவள் மறுபடி வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அதுவும் ஆரம்பித்தது.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். என் கன்னத்தில் மூச்சுப் பட்ட குரல். ஆனால் இப்போது ஒற்றைச் சொல் இல்லை. மடை திறந்ததுபோல் பேசிக்கொண்டிருந்தார். வாக்கியம் வாக்கியமாக, நிறுத்தாமல், மூச்சுக்கூட வாங்காமல், அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில், அவளோடு சேர்ந்து.

“கொஞ்சம் பேசாம இருங்கம்மா.”

அவள் நிறுத்தினாள். வெறும் இரைச்சல்.

“எதாவது பேசுங்க.”

“என்ன சார் விளையாடறீங்களா? என்ன பேச?”

“எதையாவது. புது வீடு எப்படி இருக்கு?”

அவள் சொன்னாள். மூன்றாவது மாடி, தண்ணீர் நன்றாக வருகிறது, எதிர்வீட்டுக்காரி நல்ல மாதிரி, காலையில் வெயில் நேராக முகத்தில் விழுகிறது. யாரும் இப்படி விசாரித்ததில்லை போலும், கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனாள். நான் பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்தி, அவளை விட்டுவிட்டு அவரை மட்டும் கேட்கப் பார்த்தேன். ஒரு சொல். ஒரே ஒரு சொல் பிடிபட்டால் போதும். அவள் குரலை விலக்கினால் அவர் குரலும் விலகியது. அவள் குரலைப் பிடித்தால் அவர் அதற்குள் மறைந்தார். தாளில் நான் குத்திய பென்சில் புள்ளிகள் மட்டுமே இருந்தன.

அவளிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். உங்கப்பா பேசுறாரும்மா, நிறையப் பேசுறாரு, உங்களுக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்று. எந்த வாயால் சொல்வது?

“சரி சார், நேரமாச்சு. அந்த வருஷத்தை மட்டும் மறக்காம மாத்திடுங்க. வைக்கறேன்.”

“சரிம்மா.”

அவள் வைத்துவிட்டாள். அழைப்பு முடிந்துவிட்டது என்று திரை காட்டியது. நான் போனை மேசைமேல் வைத்தேன்.

குரல் நிற்கவில்லை.